வடக்கே நடந்தால் பழனி

ரேஷன் கார்டில் சித்ராதேவி. கம்பெனியில் சித்ராக்கா. வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால், இந்தப் பக்கம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே என் அம்மா "நூறு" என்பாள். அவ்வளவு கெட்டியான சுவர்.

கல்யாணமான புதிதில் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து புருஷனோடு திருப்பூருக்கு வந்தவர். புருஷன் இறந்து நாளாகிவிட்டது. ஒரே மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து உள்ளும் புறமும் பார்ப்பதுதான் செக்கிங். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால், அதைக் காட்டி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதே மேசையில் எதிர்ப்பக்கம் நிற்பது நான், வேல்விழி. ஒன்பதாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். சூப்பர்வைசர் முதுகில் அம்பு ஒட்டியது யார் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், சூப்பர்வைசரைத் தவிர.

திருப்பூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று சில கடமைகள் உண்டு. துணி துவைக்க வேண்டும். கறி எடுக்க வேண்டும். மத்தியானம் செத்தது போலத் தூங்க வேண்டும். சாயங்காலம் கடைவீதிக்குப் போய் எதையும் வாங்காமல் திரும்ப வேண்டும். சித்ராக்கா இவற்றில் எதையும் செய்வதில்லை. காலையில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முகப்பில் பிங்க் பெயிண்ட் அடித்த டவுன் பஸ் ஒன்றில் ஏறுவார். பெண்களுக்குக் காசில்லாத பஸ். எங்கே என்று கண்டக்டர் கேட்டால் "கடைசி ஸ்டாப்பு" என்பார். அந்த ஊரில் அவருக்கு யாரும் இருக்கமாட்டார்கள். இறங்குவார். நடப்பார். இன்னொரு பஸ் கிடைக்கிற இடம் வரைக்கும் நடப்பார், இல்லையென்றால் போன வழியே திரும்பி வருவார். சாயங்காலம் முழங்கால் வரை செம்மண்ணோடு வந்து, காலைக் கழுவிவிட்டு ரசம் வைப்பார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் எங்கள் லைன் வீட்டைப் போட்டுக் குழப்பியது.

இடம் வாங்கப் பார்க்கிறாள் என்றார் வீட்டுக்கார அம்மா. சர்க்கரை வந்திருக்கும், டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்றாள் என் அம்மா. கோடி வீட்டில் இருப்பவர்களுக்குக் காத்து கருப்பின் மேல் சந்தேகம். மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல், உதட்டைச் சுழித்து, அங்கே ஒரு ஆள் இருக்கிறான் என்று சொன்னார்கள். புதையல் என்று சொன்னது நான். அதை நம்பியவர் ஒரே ஒருவர், தண்ணீர் லாரி டிரைவர். அவர் பங்கு கேட்டார்.

கடைசியில் எனக்கே பொறுக்காமல் நேராகக் கேட்டேன். "அக்கா, எதுக்குக்கா போறீங்க?"

அவர் யோசித்தார். கேள்வியே அப்போதுதான் அவருக்கு வந்தது போலிருந்தது.

"கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த ஊர்ல கெடக்கேன். வீடு, கம்பெனி, வீடு. பஸ்ஸுல போர்டு போகும்ல, அதுல ஊர் பேரா எழுதிருக்கும். அம்புட்டு ஊரும் நெசமாவே இருக்கா இல்லையான்னு பாக்கணும்ல."

"இருக்கா?"

"இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இன்னும் விளங்கவில்லை, இன்னும் போகிறேன்.

அலகுமலைக்குப் போயிருக்கிறோம். காலையில் போனால் படி சுடாது. ஊத்துக்குளிக் கதித்தமலைக்கும் போயிருக்கிறோம். நஞ்சராயன் குளத்துக்கு நான் கூட்டிப்போனபோது எங்கிருந்தோ பறந்து வந்த பறவைகளை எல்லோரும் கண்ணில் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்ராக்கா பார்த்துவிட்டு, "எங்க ஊர்க் கண்மாய்ல இதைவிடப் பெருசு வரும்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பிடித்தவை இட்டேரிகள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு மண் தடம், அதற்குப் பெயர் இட்டேரி. அது எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. ஒரு தோட்டத்தில் போய் நிற்கும், இல்லாவிட்டால் நாலாகப் பிரியும். பிரிகிற இடத்தில் சித்ராக்கா பையிலிருந்து செக்கிங் ஸ்டிக்கரை எடுப்பார். கரண்ட் கம்பத்திலோ பனை மரத்திலோ வேலிக்கல்லிலோ ஒரு சிவப்பு அம்பு. அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். திரும்பி வரும்போது அம்பைப் பார்த்து நடந்தால் போதும்.

பையில் தண்ணீர், தக்காளிச் சோறு, தோட்டத்து நாய்களுக்குப் போடப் பொறை ரொட்டி. நாய்கள்கூட எங்களை ஏற்றுக்கொண்டன. மனிதர்கள்தான் விடமாட்டார்கள். இந்தப் பக்கத்துக் காட்டில் ஒருவர் நடந்தால் அவர் யாருடைய வீட்டுக்கோ போகவேண்டும். "எந்தூருங்க? யாரூட்டுக்குங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். ஆரம்பத்தில் சித்ராக்கா "சும்மா நடக்குறோங்க" என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே அவர்கள் ஆடுகளை எண்ண ஆரம்பிப்பார்கள். பிறகு நான் "பஸ்ஸ விட்டுட்டோமுங்க" என்று சொல்லப் பழக்கினேன். பொய் சொன்னால் மோர் கிடைத்தது.

இந்தப் பொங்கலுக்கு வந்தது வினை. பொங்கல் என்றால் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீடு போக, லைன் வீட்டில் பூட்டாத கதவு ஒன்றுதான் இருந்தது. சித்ராக்கா மூன்று நாளும் பஸ் ஏறி இறங்கி நடந்துகொண்டிருந்தார். ஊருக்குப் போனவர்கள் சும்மா இருப்பார்களா? செய்தி அருப்புக்கோட்டையில் அவருடைய அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

அண்ணன் பெயர் ஜெயபாண்டி. ஊரில் மாவு மில் வைத்திருக்கிறார். பொங்கல் முடிந்த சனிக்கிழமை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். மாவு மில்காரர்தான், ஆனால் உடுப்பைத் தவிர வெள்ளையாக அவரிடம் ஒன்றுமில்லை, முகம் இருண்டுபோயிருந்தது. சுவரின் தயவால் நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம்.

"ஊர்ல என்னயக் கேக்குறாய்ங்க சித்ரா. ஒந்தங்கச்சி ஞாயித்துக்கிழமையானா காட்டுக்குள்ள திரியுதாம்லன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"திரியுதுன்னு சொல்லுண்ணே."

"வெளாடாத. நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸு. ரெண்டு பேருக்கும் சீட்டுப் போட்டாச்சு. வீட்டுக்காரம்மாகிட்டயும் காலி பண்றோம்னு சொல்லிட்டேன். அங்கிட்டு வந்து மில்லப் பாத்துக்க. ஒத்தைப் பொம்பள இனி இங்க கெடக்க வேணாம்."

என் அம்மா சுவரோடு காதை ஒட்டிவைத்திருந்தாள்.

"நாளைக்கு ஞாயிறுல்ல?" என்றார் சித்ராக்கா. "நடந்துட்டு வந்து பேசுவோம்."

"இம்புட்டுச் சொல்லியும் நடக்கப் போறியா? அப்படி என்னதான் இருக்கு அங்க? நானும் வாரேன். பாத்துருவோம்."

அம்மா காதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அவ்வளவுதான் போலடி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் வேறு யாராவது செக்கிங்குக்கு நிற்பார்கள். அவர்கள் மத்தியானம் பாதித் தயிர்ச்சோற்றை என் டப்பாவில் தள்ளமாட்டார்கள், வேறென்ன.

மறுநாள் காலை சித்ராக்கா அண்ணனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வெள்ளச் சட்டை காட்டுக்குள்ள ஆகாதுண்ணே. முள்ளுல கிழிஞ்சா போச்சு." ஆர்டர் கேன்சலாகி மிஞ்சிய சரக்கில் கம்பெனி எங்களுக்கு ஆளுக்கு இரண்டு டி-ஷர்ட் கொடுத்திருந்தது. அடர் பச்சை. நெஞ்சில் எந்த நாட்டு மொழியிலோ என்னவோ எழுதியிருக்கும். சித்ராக்கா ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தார். அவரும் எப்போதும் போல ஒன்றைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் கிளம்பியபோது ஏதோ ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஜெயபாண்டி அண்ணனுக்கு மட்டும் டிக்கெட். கண்டக்டர் எங்கே என்று கேட்டார்.

"கடைசி ஸ்டாப்புங்க" என்றார் சித்ராக்கா.

"அங்க யாரூட்டுக்குங்க?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றார் அண்ணன். கண்டக்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

கடைசி ஸ்டாப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு டீக்கடை, ஒரு பால் சொசைட்டி, ஒரு வேப்பமரம். அங்கிருந்து இட்டேரி வழியே ஒரு கரடு வரைக்கும் போய்த் திரும்புவது திட்டம். கரடு என்றால் குட்டிப் பாறைக் குன்று. நாங்கள் போகிற மலைகளில் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. கோழிகூட ஏறி இறங்கும்.

அண்ணன் நடக்கவில்லை, துப்புத் துலக்கினார். ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். தூரத்தில் ஒரு ஆள் சைக்கிளில் போனால், சித்ராக்காவின் முகத்தையும் அந்த ஆளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஆள் பல்செட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கிற வயசு. பாதி வழியில் அண்ணனுடைய செருப்பு வார் அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். பிரிகிற இடங்களில் சித்ராக்கா அம்பு ஒட்டுவதைப் பார்த்து, "இது யாருக்கு அடையாளம்?" என்று மெதுவாக என்னைக் கேட்டார்.

"எங்களுக்குத்தாண்ணே. வழி தெரியணும்ல."

அவர் நம்பவில்லை.

கரட்டின் உச்சியில் உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்றோம். சுற்றிலும் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் நின்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சோளத்தட்டுப் போர்கள், தென்னந்தோப்பு, எங்கோ ஒரு கம்பெனியின் நீலக் கூரை. சித்ராக்கா காலை நீட்டிக்கொண்டு அதையெல்லாம் பார்த்தார். பனியனைப் பார்க்கிற அதே பார்வை, ஆனால் எங்கேயும் அம்பு ஒட்டத் தோன்றாத பார்வை.

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன்.

"அம்புட்டுத்தாண்ணே."

"இதுக்காகவா பொங்கலுக்கு வரல?"

"ம்."

அண்ணன் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "ஒரு ஆம்பள இருந்திருந்தான்னா நாலு அப்பு அப்பி, ரெண்டு கெட்ட வார்த்த பேசிட்டு, தலை நிமிந்து ஊருக்குப் போயிருவேன். இதுக்கு நான் யாரப் போய் அப்புறது?"

சித்ராக்கா சிரிக்கவில்லை. "தெரியலண்ணே" என்றார். உண்மையாகவே தெரியாதவர் மாதிரிதான் சொன்னார்.

"எப்படியோ. இன்னைக்குச் சாயங்காலத்தோட இது முடிஞ்சது. அங்க வந்து வீட்டோட இரு."

சித்ராக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்தார். டப்பாவைக் கழுவினார். மூடியைப் போட்டு அழுத்தினார், அது சரியாக மூடவில்லை, மறுபடி அழுத்தினார்.

நான் எழுந்து, ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லி முன்னால் இறங்கினேன். முதல் பிரிவில் பனைமரத்து அம்பை உரித்துத் திருப்பி ஒட்டினேன். அடுத்ததையும். அதற்கடுத்து வேலிக்கல்லில் இருந்ததையும். ஒரு நாள் தள்ளிப்போனால் போதும் என்று கணக்குப் போட்டேன். சாயங்கால பஸ் போய்விட்டால், திங்கட்கிழமை ஷிப்மென்ட், கம்பெனி அவரை விடாது. செவ்வாய்க்குள் வேறு ஏதாவது தோன்றும். எனக்கு எப்போதும் ஏதாவது தோன்றும்.

திரும்பும்போது சித்ராக்கா முன்னால் நடந்தார். பனைமரத்தடியில் நின்று அம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு ஓணானைப் பார்த்தேன். அவர் அம்பு காட்டிய பக்கம் திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கணக்குப்படி ஒரு சுற்று சுற்றி அதே ஊருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் இட்டேரி என் கணக்கைக் கேட்கவில்லை. ஒரே மாதிரி வேலி, ஒரே மாதிரி காற்றாடி. வலப்பக்கம் இருந்த கரடு இடப்பக்கம் வந்தது, பிறகு காணாமலே போனது. அண்ணன் போனை எடுத்து மேப்பைப் பார்த்தார். அதில் நாங்கள் ஒரு வெள்ளைத் தாளின் நடுவே நீலப் புள்ளியாக நின்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொறையும் தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மூன்று நாய்கள் வந்தன.

பின்னாலேயே ஒருவர் வந்தார். லுங்கி, தலையில் துண்டு, கையில் மண்வெட்டிப் பிடி. அந்தத் தோட்டத்துக்காரர், பெயர் திருமூர்த்தி என்று பிறகு தெரிந்தது. "ஏனுங்க, யாருங்க அது? இந்நேரத்துக்கு எங்கீங்க போறீங்க?"

கொங்குக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் "ங்க" போட்டுத்தான் வருவார்கள். அந்தப் பிடியை அவர் பிடித்திருந்த விதம் மரியாதையாக இல்லை. அண்ணன் வாயைத் திறந்தார். "அது வந்துங்க, என் தங்கச்சி சும்மா..."

சும்மா என்று சொன்னால் ஆட்டை எண்ணுவார்களே என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, தோட்டத்து வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். அவருடைய மனைவி, ரங்காத்தாள். வந்தவர் எங்களைப் பார்த்தார். மூன்று பேருக்கும் பச்சை. அண்ணனுக்கு வெறுங்கால், நெற்றியில் காலையில் இட்ட திருநீறு. தோளில் பை. தைப்பூசத்துக்குப் பச்சை உடுத்தி ஆட்கள் நடந்துகொண்டிருந்த வாரம் அது. அந்த அம்மா இரண்டு கையையும் குவித்தார்.

"முருகா. பழனிக்குங்களா சாமி?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். சித்ராக்காவும் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன் நான். "பழனிக்குத்தானுங்க."

மண்வெட்டிப் பிடி கீழே இறங்கியது. நாய்கள் உட்கார்ந்தன. எங்களுக்குத் தண்ணீர் வந்தது, அண்ணன் கால் கழுவத் தனியாக ஒரு குடம் வந்தது. நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் இலை போட்டு, சோறும் கொள்ளுப் பருப்பும் மோரும் வந்தன. அண்ணன் சாப்பிடாமல் நெளிந்தார். மனிதர் உண்மையிலேயே முருக பக்தர். பொய்யாக மோர் குடிக்கக்கூடத் தெரியாது.

திருமூர்த்திக்கு ஒன்று இடித்தது. "ஏங்கண்ணு, நீங்க எங்கிருந்து நடக்கறீங்க?"

"வேலம்பாளையத்துலருந்துங்க."

"பழனி தெக்கால இருக்குது. நீங்க வந்தது வடக்கால பாத்து வர்ற தடமுங்க."

எனக்கு எப்போதும் ஏதாவது தோன்றும் என்றேனே, அப்போது தோன்றவில்லை. காப்பாற்றியது ரங்காத்தாள்தான்.

"அவரே மயிலேறி ஒலகத்தச் சுத்திட்டுத்தான பழனிக்கு வந்தாரு. சுத்தி வந்தா உங்களுக்கு என்னுங்க? பேசாம மோர ஊத்துங்க."

அவர் பேசாமல் மோரை ஊற்றினார்.

பிறகு அந்த அம்மா எங்கள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். வருடா வருடம் ஊர்க் கூட்டத்தோடு பழனிக்கு நடந்தவராம். இந்த வருடம் முட்டியில் ஆபரேஷன். கூட்டம் இவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. "காணிக்கை முடிச்சக் குடுத்துடு, நாங்க சேத்தறோம்னாங்க. என்னைய உட்டுப்போட்டுப் போறவங்ககிட்ட என்னத்துக்குக் குடுக்கோணும்னு கோவத்துல இருந்துட்டேன். அவிங்க போன பொறவு மனசு கேக்கல. இந்தத் தடத்துல எந்தக் காலத்துலயும் ஒருத்தரும் பழனிக்குப் போனதில்லீங்க. இன்னைக்குப் பாருங்க, ஊட்டுக்கே வந்து நிக்கறீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் மஞ்சள் துணியில் முடிந்த முடிச்சைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தார். "எப்பச் சேந்தாலும் சரிங்க சாமி. நடந்துதான் போய்ச் சேரோணும். வண்டி ஏறப்படாது."

அண்ணன் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் நீட்டினார். ஆனால் அந்த அம்மா கண்ணை மூடித் தலையைக் குனிந்து நின்றார், திருநீற்றுக்காக. அண்ணன் என்ன செய்வார், அவர்கள் வீட்டுத் தட்டிலிருந்தே திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினார். பூசும்போது "முருகா, மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தார். அந்த அம்மா அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்.

"மோட்டார் பைக்குல மெயின் ரோடு வரைக்கும் உட்டுட்டு வரட்டுங்களா?" என்றார் திருமூர்த்தி.

"நடந்து போறவங்கள வண்டியில ஏத்துவாங்களா? பாவமுங்க" என்றார் ரங்காத்தாள்.

ஆகவே நடந்தோம். திருமூர்த்தி டார்ச் லைட்டோடு மெயின் ரோடு வரை வந்து, "இப்படியே நேர் தெக்கால" என்று கை காட்டி, நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திருப்பூர் பின்பக்கம். அவர் பார்க்கிறாரே என்று தெற்கே நடந்தோம். அவர் நல்ல மனிதர், வெகு நேரம் நின்றார்.

ஒரு பஸ் ஸ்டாப் வந்ததும் அண்ணன் அதன் திண்டில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போகிற பஸ் திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டிருக்கும். அதைப்பற்றி அவர் பேசவே இல்லை. மடியில் முடிச்சை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மில்லு தொறக்கணும்" என்றார். "இதையும் நடந்து கொண்டுபோகணும். இதோட பஸ் ஏறவும் கூடாது. இப்ப நான் என்ன செய்ய?"

திருப்பூர்ப் பக்கம் போகிற பஸ் ஒன்று வெளிச்சத்தோடு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சித்ராக்கா பையைத் துழாவி ஒரு அம்பு ஸ்டிக்கரை உரித்தார். ஸ்டாப்பின் கம்பத்தில் தெற்கே பார்த்து ஒட்டினார்.

"இந்த முடிச்சு இதுவரைக்கும் நடந்து வந்தாச்சு. இனி இங்கருந்து எப்ப நடந்தாலும் தொடர்ச்சிதான். நடுவுல வீட்டுக்குப் போய் வாரது கணக்குல வராதுண்ணே. கூட்டமாப் போறவங்களும் ராத்திரி படுத்துத்தான எந்திரிக்காங்க?"

அண்ணன் அந்த அம்பைப் பார்த்தார். "முருகன் ஒத்துக்கிடுவாரா?"

"அந்தம்மா எப்பச் சேந்தாலும் சரின்னுச்சுல்ல."

பஸ் வந்து நின்றது. அவர் அரை மனதோடு ஏறினார். ஏறும்போது செருப்பை அங்கேயே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவர் மட்டும் ஊருக்குக் கிளம்பினார். முடிச்சை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, எடுத்து, தங்கச்சி கையில் கொடுத்தாராம். சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் கேட்டோம்.

"கை மாத்தலாமான்னு தெரியல. அண்ணன் தங்கச்சி ஒரே ரத்தம், தப்பில்லன்னு நெனைக்கேன். நீயே நடந்து கொண்டுபோய்ச் சேத்துரு. சேத்துட்டு ஊருக்கு வா."

"ஞாயித்துக்கெழமைதானண்ணே லீவு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் போக முடியும்."

"எப்படியோ. ஆனா வண்டில ஏத்திராத. வீட்டுக்காரம்மாகிட்ட நான் சொல்லிட்டுப் போறேன், இப்பக் காலி பண்ணலன்னு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் சூப்பர்வைசருக்குப் புதிதாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தைப்பூசம் போய், பங்குனி உத்திரம் போய், இப்போது ஆடிக் காற்று. காற்றாடிகள் எல்லாம் பேய் பிடித்தது போலச் சுற்றுகின்றன. முடிச்சு சித்ராக்காவின் இடுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் கடைசியாக அம்பு ஒட்டிய இடத்துக்குப் போகிறோம், அங்கிருந்து நடக்கிறோம். குண்டடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டாப் வரைக்கும் வந்திருக்கிறோம். நேராக நடந்திருந்தால் இந்நேரம் பழனிக்குப் போய் மொட்டை அடித்து முடியும் வளர்ந்திருக்கும். ஆனால் வழியில் ஒரு வாய்க்கால் வந்தது, அது எங்கே போகிறது என்று பார்க்க ஒரு ஞாயிறு போனது. ஒரு கரடு வந்தது. போர்டில் பெயர் பார்த்த ஒரு ஊர் வந்தது. நாங்கள் கிழக்கே போகிறோமா மேற்கே போகிறோமா, இது வேண்டுதலா ஏமாற்று வேலையா, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போன ஞாயிறு அந்த ஸ்டாப்பில் வைத்துக் கேட்டே விட்டேன். "அக்கா, அன்னைக்கு அம்பு திரும்பிருந்துச்சே..."

"திரும்பிருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாள் முழுக்க அம்பு ஒட்டுறவ நான். எங்கிட்டுப் பாத்து ஒட்டுனேன்னு எனக்குத் தெரியாதா? நீ உரிச்சதுல மூலை வேற மடங்கிக் கெடந்துச்சு. ஒழுங்கா உரிக்கப் பழகு."

"அப்பறம் ஏன் அந்தப் பக்கமே போனீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "அந்தப் பக்கம் போனதில்லையே" என்றார்.

அப்போது போன் அடித்தது. அண்ணன். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். சித்ராக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்கிட்டு இருக்க?"

"நடந்துக்கிட்டு இருக்கேண்ணே."

"முடிச்சு?"

"இடுப்புல."

"இன்னும் எம்புட்டு தூரம்?"

"இருக்குண்ணே."

அந்தப் பக்கம் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி, சரி. அவசரப்பட்டு ஓடாத. காலு கீலு சுளுக்கிரும். பாத்துப் போ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பச்சைப் பனியன் இன்னும் இருக்கா? ஆவணில ரெண்டு நாள் மில்லு ரிப்பேருக்கு நிறுத்துறேன். சும்மாதான இருப்பேன். வந்தா வாரேன்."

"இருக்குண்ணே. தொவச்சு வச்சிருக்கேன்."

போனைப் பையில் போட்டார். நேர் எதிரே தெற்கு, தாராபுரம் ரோடு, அப்படியே போனால் பழனி. மேற்கே ஒரு இட்டேரி பிரிந்தது. அதன் வாயில் ஒரு மினி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. போர்டில் இருந்த ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சித்ராக்கா வாய்க்குள் எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தார்.

"அக்கா, பழனி இந்தப் பக்கம்."

"தெரியும்டி." ஸ்டிக்கர் சுருளை என் கையில் கொடுத்தார். "ஒட்டிட்டு வா."

"எந்தப் பக்கம் பாத்து?"

அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் கம்பத்தடியில் அம்பை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூலை மடங்காமல், நன்றாக அழுத்தி, அவர் போகிற பக்கம் பார்த்து ஒட்டினேன்.